பழைய மவுண்டன் பைக்கை அருமை தெரிந்தவர் கையில் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

முப்பது ஆண்டு பழைய மவுண்டன் பைக்கை இரண்டு விதமாக விற்கலாம். ‘பழைய சைக்கிள், நன்றாக ஓடும்’ என்று எழுதி இரண்டு படம் போட்டு, முதலில் வருபவரிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவது ஒரு வழி. அது எந்த ஆண்டு, எந்த ஊரில், யார் பட்டறையில் செய்யப்பட்டது என்று தெரிந்து அதையே தேடிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் சேர்ப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்குச் சில வார உழைப்பும் பொறுமையும் தேவை. ஆனால் விலை கூடும், சைக்கிளும் காயலான் கடைக்குப் போகாமல் பிழைக்கும். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அமெரிக்கச் சந்தையை வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சைக்கிள் பிறந்த மண் அதுதான். 1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய செங்குத்தான மண்பாதை ஒன்றில் முதல் ‘ரீபேக்’ பந்தயம் நடந்தது. பழைய பலூன் டயர் (தடித்த, அகலமான டயர்) சைக்கிள்களைத்தான் அன்று ஓட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிய ஃபிரேம்களைச் செய்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சியின் ஃபிரேம்களை வாங்கி விற்கத் தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்ததும் சாதாரணக் கடைகளில்கூட மவுண்டன் பைக் கிடைத்தது. அந்தத் தொடக்கத்திலிருந்து 1990களின் நடுப்பகுதி வரையிலான சைக்கிள்களைத்தான் சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தேடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். வாங்க வருபவருக்கு உங்கள் சைக்கிளைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் சொல்லாமல் விட்டதை அவர் கண்டுபிடித்தால், சொன்னவற்றையும் சந்தேகப்படுவார். குறை எதுவானாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், கேட்ட விலையைக் கொடுக்க அவருக்குத் தயக்கம் இருக்காது. கீழே வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

படி 1: கையில் இருப்பது என்ன என்று அறிதல்

பிராண்டின் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பட்டறைகள் இயங்கியிருக்கின்றன. கிறிஸ் சான்ஸ் தொடங்கிய ஃபேட் சிட்டி சைக்கிள்ஸ் 1994 வரை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில்லில் இருந்தது. பிறகு நிறுவனம் கைமாறி நியூயார்க் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. சோமர்வில்லில் பற்றவைத்த ஃபிரேம் என்றால் அதற்குத் தனி மதிப்பு. க்ளைன், பான்ட்ரேகர் என்ற இரண்டு பிராண்டுகளையும் 1995இல் ட்ரெக் என்ற பெரிய சைக்கிள் நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு யெட்டி என்ற பிராண்ட் ஷ்வின் நிறுவனத்திடம் போனது. கேரி ஃபிஷர் பிராண்ட் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ட்ரெக்கிடம் போய்விட்டது. ஆகவே இந்தப் பெயர்களில் ஒன்று உங்கள் சைக்கிளில் இருந்தால், கைமாறியதற்கு முந்தையதா பிந்தையதா என்பதுதான் வாங்குபவரின் முதல் கேள்வியாக இருக்கும். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பிப் பெடல் அச்சு நுழையும் பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஃபிரேம் எண் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். அழுக்கைத் துடைத்து, காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் மங்கிய எண்ணும் தெரியும். அந்த எண்ணை முதலில் ‘பைக் இன்டெக்ஸ்’ போன்ற திருட்டுச் சைக்கிள் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். நீங்களே இரண்டாவது, மூன்றாவது உரிமையாளர் என்றால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஆண்டைக் கணக்கிட நம்பகமான வழி ஒன்று உதிரிபாகங்களிலேயே இருக்கிறது. ஜப்பானிய உதிரிபாக நிறுவனமான ஷிமானோ தன் பாகங்களின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் பொறித்து வந்தது. கிராங்கின் (பெடல் மாட்டும் கை) உள்பக்கத்திலும் பின் டீரெய்லரின் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் கருவி) உள்பக்கத்திலும் அவற்றைத் தேடுங்கள். முதல் எழுத்து ஆண்டு: ‘ஏ’ என்றால் 1976, அங்கிருந்து வரிசையாக எண்ணினால் ‘ஓ’ 1990, ‘பி’ (P) 1991, ‘கியூ’ 1992. இரண்டாவது எழுத்து மாதம்: ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். ‘பி’யும் (P) ‘ஹெச்’சும் சேர்ந்திருந்தால் அந்தப் பாகம் 1991 ஆகஸ்டில் செய்யப்பட்டது. 1992 மாடல் சைக்கிளுக்கு அது சரியாகப் பொருந்தும், ஏனென்றால் அடுத்த ஆண்டு மாடலுக்கான பாகங்கள் முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே தொழிற்சாலைக்குப் போய்விடும். 1990 மாடல் என்று நீங்கள் நம்பும் சைக்கிளின் டீரெய்லரில் 1994ஐக் குறிக்கும் ‘எஸ்’ இருந்தால், யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் விளம்பரத்தில் எழுத வேண்டிய செய்தி.

ஒவ்வொரு பாகத்தின் குறியீட்டையும் தாளில் எழுதி வரிசைப்படுத்துங்கள். ஏழெட்டுப் பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால், தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்திலேயே சைக்கிள் இருக்கிறது என்று சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடைக்கிறது. அந்த ஆண்டின் நிறுவனக் கேட்டலாக் இணையத்தில் கிடைத்தால் நிறம், ஸ்டிக்கர், பாகங்கள் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து பாதுகாத்த கேட்டலாக்குகள் ஏராளம்.

அளவுகளையும் இப்போதே எடுத்துவிடுங்கள். சீட் குழாயின் நீளத்தைப் பாட்டம் பிராக்கெட்டின் நடுவிலிருந்து குழாயின் மேல்விளிம்பு வரை ஒருமுறையும், மேல்குழாயின் நடு வரை இன்னொருமுறையும் அளந்து இரண்டையும் எழுதுங்கள். மேல்குழாயின் நீளம், பின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) உட்காரும் இடைவெளி (1980களில் பெரும்பாலும் 130 மி.மீ., பிறகு 135), சீட் போஸ்டில் (சீட்டைத் தாங்கும் கம்பி) பொறித்திருக்கும் விட்டம் ஆகியவையும் வேண்டும். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) கழுத்து ஓர் அங்குலமா, ஒன்றேகால் அங்குலமா, இரண்டுக்கும் நடுவில் இன்று பரவலாகக் கிடைக்கும் 28.6 மி.மீ. அளவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் அங்குலம் என்றால் மாற்று ஹெட்செட் (அந்தக் கழுத்தைச் சுழலவிடும் பேரிங் தொகுதி) தேடுவது கடினம். வாங்குபவர் அதை முன்கூட்டியே அறிய விரும்புவார்.

படி 2: உடல்நிலையைச் சோதித்தல்

விவரம் தெரிந்தவர்கள் சைக்கிள் பார்க்க வரும்போது முதலில் செய்வதைக் கவனித்திருக்கிறேன். பெயின்டின் பளபளப்பை அவர்கள் பார்ப்பதில்லை. ஹேண்டில் நுழையும் குட்டைக் குழாயான தலைக்குழாய்க்குப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில், ஆள்காட்டி விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். முன்சக்கரம் எதிலாவது பலமாக மோதியிருந்தால் அந்த இடத்தில் குழாய் மிக லேசாகப் புடைத்து மடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தட்டுப்படும். பெயின்டில் குறுக்காக மெல்லிய கோடு ஓடியிருந்தாலும் அதே சந்தேகம்தான். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து அந்த இடத்தை நீங்களே முதலில் பாருங்கள்.

அடுத்து குழாய்கள். விலை உயர்ந்த இரும்புக் குழாய்களின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. ஹேண்டில் திரும்பி இடித்த ஒடுக்கு மேல்குழாயில் இருப்பது சகஜம். ஆழத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். அலுமினிய ஃபிரேம் என்றால் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து விரிசல் தேடுங்கள். குறிப்பாகத் தலைக்குழாய், செயின் பக்கத்துச் செயின் ஸ்டே (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்), சீட் போஸ்டை இறுக்கும் வாய் ஆகிய மூன்று இடங்கள். இரும்பா அலுமினியமா என்று ஐயமிருந்தால் காந்தத்தை ஒட்டிப் பாருங்கள்.

சீட் போஸ்ட் நகர்கிறதா என்பது பெரிய கேள்வி. இரும்புக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் பல ஆண்டுகள் ஈரத்தோடு இருந்தால் இரண்டும் அரித்துக் கவ்விக்கொள்ளும். நகரவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெயை விட்டுச் சில நாள் காத்திருந்து முயலுங்கள். அப்போதும் அசையாவிட்டால் முறுக்காதீர்கள், குழாய் போய்விடும். ‘சீட் போஸ்ட் இறுகிவிட்டது’ என்று எழுதி விலையைக் குறையுங்கள். ஹேண்டில் ஸ்டெமுக்கும் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) இதே கவனம் வேண்டும். போஸ்ட் வெளியே வந்தால் குழாய்க்குள் டார்ச் அடித்து உள்துருவைப் பாருங்கள். பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும் கருவி இருந்தால் அங்கும் பாருங்கள். தண்ணீர் கடைசியாகச் சேரும் இடம் அதுதான்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் (அதிர்ச்சியைத் தாங்க அமுங்கி எழும் ஃபோர்க்) உள்ள சைக்கிளுக்குத் தனி எச்சரிக்கை. ராக்ஷாக்ஸின் ஆர்எஸ்-1 1989இல் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த பல ஃபோர்க்குகளின் உள்ளே ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் போன்ற எலாஸ்டோமர் துண்டுகள் இருந்தன. இத்தனை ஆண்டுகளில் அவை கெட்டித்துப்போயிருக்கும் அல்லது பிசின்போல் கரைந்திருக்கும். ஃபோர்க் அமுங்கவில்லை என்றாலும், அமுங்கி எழவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள். அந்தக் காலத்து எடை குறைந்த அலுமினிய ஹேண்டில்பார், ஸ்டெம் பற்றியும் ஒரு வரி சேருங்கள்: ‘காட்சிக்கு உரியவை, காட்டுப்பாதையில் ஓட்டுவதானால் மாற்றிக்கொள்ளவும்’. அலுமினியம் களைத்து முறிவது முன்னறிவிப்பில்லாமல் நடக்கும். யாருடைய பல்லும் போவதற்கு நாம் காரணமாக இருக்கக்கூடாது.

சக்கரத்தின் கோட்டம், ரிம்மில் பிரேக் தேய்த்த பள்ளம், செயினின் நீட்சி ஆகியவற்றைச் சோதித்து எழுதினால் போதும். இவை எல்லாம் தேய்மானம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: கழுவலாம், புதுப்பிக்கக் கூடாது

பலர் நல்லெண்ணத்தோடு சைக்கிளைக் கெடுப்பது இந்தப் படியில்தான். விற்பதற்கு முன் புது பெயின்ட் அடிப்பது, புது ஸ்டிக்கர் ஒட்டுவது, பழைய கைப்பிடிகளைக் கழற்றி எறிவது எதையும் செய்யாதீர்கள். மங்கியிருந்தாலும் தொழிற்சாலைப் பெயின்ட்தான் சேகரிப்பாளருக்கு வேண்டும். அதை அழித்துவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் திரும்பக் கிடைக்காது. புதுப்பிப்பதா, அப்படியே வைப்பதா என்பது அடுத்த உரிமையாளரின் உரிமை.

செய்ய வேண்டியது எளிது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள், பழைய பல்துலக்கும் பிரஷ், மெல்லிய துணி. கடைசியில் கார் மெழுகு ஒரு பூச்சு. உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், பேரிங்குக்குள் புகும். ஸ்டிக்கர்களின் ஓரத்தில் தின்னர், ஸ்பிரிட் எதையும் தொடவிடாதீர்கள். 1990களின் ஊதா, நீல நிற அனோடைஸ் பாகங்களில் காரமான கிளீனர் பட்டால் நிறம் சில நிமிடங்களில் வெளுத்துவிடும். குரோம் பாகங்களில் படிந்த மேல்துருவை அலுமினியத் தாளை நனைத்துத் தேய்த்தால் எடுத்துவிடலாம்.

டயர் பற்றிக் கொஞ்சம். வெடித்துப்போன பழைய டயர்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பானரேசர் ஸ்மோக், டியோகா ஃபார்மர் ஜான், ஆன்சா போர்க்குபைன் போன்ற அக்கால டயர்களைக் காட்சிக்கு மாட்டவே தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஓட்டிப் பார்க்க வேறு டயர் போட்டுக்கொண்டு, பழையவற்றைச் சைக்கிளோடு சேர்த்துக் கொடுங்கள். கழற்றி வைத்த சிறு பாகங்கள் எதுவானாலும் இப்படியே.

படி 4: முழுதாகவா, பிரித்தா?

கணக்கு மட்டும் பார்த்தால், பல சைக்கிள்களைப் பிரித்து விற்றால் அதிகப் பணம் வரும். ஷிமானோ டியோர் எக்ஸ்டி வரிசையின் தம்ப் ஷிஃப்டர்கள் (கட்டைவிரலால் கியர் மாற்றும் நெம்புகோல்கள்), 1992 மாடல்களோடு அறிமுகமான முதல் எக்ஸ்டிஆர் பாகங்கள், கிறிஸ் கிங் ஹெட்செட், சிங்க்ராஸ், ரிங்லே போன்ற சிறு நிறுவனங்களின் பாகங்கள் தனியாகவே நல்ல விலைக்குப் போகின்றன. நெடுந்தூரச் சைக்கிள் பயணிகள்கூட அந்தத் தம்ப் ஷிஃப்டர்களைத் தேடி வாங்குகிறார்கள்.

ஆனாலும் என் கருத்து தெளிவானது. எல்லாப் பாகமும் அசலாக இருக்கும் சைக்கிளைப் பிரிக்காதீர்கள். பாகங்கள் ஒன்றாகப் பிறந்து முப்பது ஆண்டு ஒன்றாகவே தாக்குப்பிடித்திருப்பது அரிது. ஒருமுறை சிதறினால் அந்தச் சேர்க்கையை யாராலும் மீண்டும் அமைக்க முடியாது. ஃபிரேமில் விரிசல் என்றால் பிரித்துவிடுங்கள். நல்ல ஃபிரேம், ஆனால் பாகங்கள் எல்லாம் கண்டபடி மாற்றப்பட்டவை என்றால், ஃபிரேமும் ஃபோர்க்கும் ஒரு பொருளாக, மீதி தனியாக என்று விற்பதில் தவறில்லை. விரிசல் விட்ட ஃபிரேமை விற்பதானால் ‘சுவரில் மாட்ட மட்டும்’ என்று விளம்பரத்திலும் எழுதுங்கள், நேரிலும் சொல்லுங்கள்.

படி 5: விலை

கேட்கும் விலையும் விற்ற விலையும் வேறு வேறு. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதைப் போட்டு, உங்கள் மாடல், உங்கள் ஆண்டு, முடிந்தால் உங்கள் அளவு உள்ள சைக்கிள்கள் எவ்வளவுக்குப் போயின என்று பாருங்கள். யாரோ ஒருவர் எட்டு மாதமாக வாங்குவாரின்றி வைத்திருக்கும் மலை விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதே மாடல் கிடைக்கவில்லை என்றால் அதே பட்டறையின் அடுத்த மாடலைப் பாருங்கள்.

யார் வாங்குவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சேகரிப்பாளர் அசல் நிலைக்குப் பணம் கொடுப்பார், தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்வார். இளமையில் அந்தச் சைக்கிள் மேல் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன, இப்போது ஐம்பதைக் கடந்த மனிதர் தன் அளவுக்குப் பொருந்தினால் மட்டுமே வாங்குவார், ஆனால் பேரம் அதிகம் பேச மாட்டார். மூன்றாமவர் இரும்பு ஃபிரேமை எடுத்து முன்கூடை மாட்டி அன்றாடம் ஓட்டவோ, நெடும்பயணம் போகவோ நினைப்பவர். அவருக்கு ஸ்டிக்கரின் அசல் தன்மை பொருட்டல்ல, கொடுக்கும் தொகையும் குறைவு. பெருமளவில் விற்ற நடுத்தர மாடல்கள் இவரிடம்தான் போகும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அன்றாடம் ஓடும் சைக்கிள் நல்ல வாழ்வு வாழ்கிறது.

உங்கள் நினைவுகளுக்கு விலை போடாதீர்கள். நீங்கள் செலவழித்த பராமரிப்புத் தொகையும் விலையில் ஏறாது. பேரத்துக்குப் பத்து சதவீத இடம் விட்டு விலையைச் சொல்லுங்கள். அல்லது உறுதியான விலை என்று எழுதிவிட்டு உறுதியாகவே இருங்கள். விலை எழுதாமல் ‘உங்கள் விலை என்ன?’ என்று கேட்பது ஆர்வலர்களிடையே எரிச்சலை மட்டுமே கிளப்பும்.

படி 6: படங்கள்

படம் எடுக்க மேகமூட்டமான பகல் நல்லது. உச்சி வெயிலில் பெயின்டின் உண்மை நிறம் வெளுக்கும். பின்னணி வெறும் சுவராகவோ கராஜ் கதவாகவோ இருக்கட்டும். முதல் படம் கட்டாயமாகச் செயின் பக்கம். கேமராவைச் சைக்கிளின் நடு உயரத்துக்கு இறக்கி, நேர்ப்பக்கவாட்டில் நின்று எடுங்கள். செயின் முன்னால் பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் சிறிய பல்சக்கரத்திலும், கிராங்க் முன்னோக்கிக் கிடைமட்டமாகவும், டயரின் வால்வுகள் இரண்டும் கீழ்ப்பக்கமாகவும் இருக்கட்டும். இது வெறும் அழகுக்கான சடங்கு இல்லை. இந்தக் கோலத்தில் எடுத்த படத்தைப் பார்த்தவுடன் விற்பவர் விவரமானவர் என்று வாங்குபவருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு இடப்பக்கம், முன்னால், பின்னால். தலைக்குழாய் சின்னம், குழாய் ஸ்டிக்கர், பின்சக்கரம் மாட்டும் டிராப்அவுட், பிரேக்குகள், ஹப்கள், ஷிமானோ குறியீடுகள் ஒவ்வொன்றும் கிட்டத்தில். கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தைப் படம் எடுக்க மறக்காதீர்கள். அதைக் காட்டாத விளம்பரத்தில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு ஒடுக்குக்கும் ஒரு படம், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து. ஃபிரேம் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிட்டுப் பொதுவில் போடுங்கள். உண்மையில் வாங்க முன்வருபவருக்கு முழு எண்ணையும் கொடுங்கள்.

படி 7: விவரிப்பு

எழுதும் வரிசை முக்கியம். ஆண்டு, மாடல், அளவு முதலில். பிறகு பாகங்கள், எது அசல், எது மாற்றியது என்று பிரித்து. பிறகு குறைகள். அதன் பின்தான் சைக்கிளின் கதை. ‘அரிது’, ‘பொக்கிஷம்’, ‘இனி கிடைக்காது’ என்ற சொற்களைத் தவிருங்கள். அரிதா என்பது படிப்பவருக்குத் தெரியும். ஒரு மாதிரி தருகிறேன்:

‘1992 மாடல், ஜப்பானில் செய்த இரும்பு ஃபிரேம், சீட் குழாய் நடுவிலிருந்து மேல்விளிம்பு வரை 18 அங்குலம், மேல்குழாய் 22.5 அங்குலம். அசல்: ஃபிரேம், ஃபோர்க், டியோர் எக்ஸ்டி எம்735 டீரெய்லர், கிராங்க், ஹப்கள், பிரேக்குகள். தேதிக் குறியீடுகள் எல்லாம் 1991 ஜூலை முதல் அக்டோபர் வரை. மாற்றியவை: சீட், செயின், கேபிள்கள், கைப்பிடி. ஷிஃப்டர்களை முந்தைய உரிமையாளர் எம்732 தம்ப் ஷிஃப்டராக மாற்றியிருக்கிறார், அசல் ஷிஃப்டர்கள் என்னிடம் இல்லை. குறைகள்: மேல்குழாயின் வலப்பக்கத்தில் 12 மி.மீ. அகலத்தில் ஆழமற்ற ஒடுக்கு (7ஆம் படம்). செயின் ஸ்டேயில் செயின் இழுத்த கீறல்கள். பின் ரிம் பிரேக் பரப்பில் தேய்மானம் உண்டு. மோதிய அடையாளம் இல்லை. சீட் போஸ்டும் ஸ்டெமும் நகர்கின்றன, இரண்டுக்கும் இந்த மாதம் கிரீஸ் போட்டேன். நான் இரண்டாவது உரிமையாளர். முதல் உரிமையாளரின் கடை ரசீது இருக்கிறது, சேர்த்துத் தருகிறேன்.’

இப்படி எழுதினால் கேள்விகள் பாதியாகக் குறையும். வரும் கேள்விகளும் வாங்க நினைப்பவர்களிடமிருந்தே வரும்.

படி 8: எங்கே விற்பது

பொதுச் சந்தைத் தளங்களில் ஆள் அதிகம், அருமை தெரிந்தவர் குறைவு. ‘கடைசி விலை என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே அலுத்துப்போவீர்கள். ஆர்வலர் குழுக்களின் விற்பனைப் பகுதியிலும், குறிப்பிட்ட பிராண்டின் உரிமையாளர் குழுக்களிலும் முதலில் போடுங்கள். பல குழுக்களில் புதிதாகச் சேர்ந்தவர் வந்தவுடன் விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சில வாரம் முன்பே சேர்ந்து, அடையாளம் காண உதவி கேட்டு உரையாடுங்கள். அந்த உரையாடலிலேயே வாங்குபவர் கிடைப்பது உண்டு. பழைய சைக்கிள்களுக்கான உள்ளூர்ச் சந்தை நாட்களில் நேரில் கொண்டுபோவது எல்லாவற்றையும்விட மேல், அனுப்பும் தலைவலி இல்லை. மிக அரிய பொருளுக்கு மட்டும் ஈபே ஏலம் நல்லது. ஜெர்மனி, பிரிட்டன், ஜப்பான் நாட்டு ஆர்வலர்களும் அங்கே பார்ப்பார்கள். ஆனால் கட்டணத்தைக் கணக்கில் சேருங்கள்.

1980களின் தொடக்கத்தைச் சேர்ந்த, வரலாற்று முக்கியத்துவம் உள்ள சைக்கிள் என்று தோன்றினால், விற்பதற்கு முன் ஃபேர்ஃபாக்ஸில் உள்ள மரின் சைக்கிள் அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். மவுண்டன் பைக் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ இருப்பதும் அங்கேதான்.

படி 9: பேச்சும் பணமும்

நேரில் பார்க்க வருபவருக்கு நேரம் கொடுங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்துப் பார்க்கட்டும், நகத்தால் தடவட்டும். அவசரப்படுத்தாதீர்கள். நேரில் விற்றால் ரொக்கம், இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று, அதில் ஃபிரேம் எண். அவ்வளவுதான்.

தொலைவில் இருப்பவர் என்றால் பேபாலின் ‘பொருள் மற்றும் சேவை’ முறையில் வாங்குங்கள். ‘நண்பர்களுக்கு’ என்ற முறையில் அனுப்பச் சொன்னால் கட்டணம் மிச்சம்தான், ஆனால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை, அனுபவசாலி உங்களை நம்ப மாட்டார். பணம் செலுத்தியபோது கொடுத்த முகவரிக்கு மட்டும், கண்காணிப்பு எண்ணோடு அனுப்புங்கள். 750 டாலரோ அதற்கு மேலோ என்றால் பெறுபவரின் கையெழுத்தையும் கட்டாயமாகக் கேளுங்கள், விற்பவருக்கான பாதுகாப்பு அதைச் சார்ந்திருக்கிறது. விலையைவிட அதிகத் தொகைக்கு வங்கிக் காசோலை அனுப்பி, மீதியைச் சைக்கிளை எடுத்துப்போக வரும் லாரிக்காரரிடம் கொடுக்கச் சொல்பவர் மோசடிக்காரர். அந்தக் காசோலை கணக்கில் ஏறியதுபோல் தெரிந்து, வாரங்கள் கழித்துத் திரும்பும்.

முன்பணம் கொடுத்தவருக்கே சைக்கிள். பிறகு யார் கூடுதலாகக் கேட்டாலும் வாக்கு மாறாதீர்கள். இது சிறிய உலகம், பெயர் வேகமாகப் பரவும்.

படி 10: கட்டி அனுப்புதல்

சைக்கிள் கடைகளில் புதுச் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். கூரியர் நிறுவனங்கள் நீளத்தோடு சுற்றளவைக் கூட்டிக் கணக்கிடும். 130 அங்குலத்தைத் தாண்டினால் கட்டணம் எகிறும். 54 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 28 அங்குல உயரம் உள்ள பெட்டியின் கணக்கு 54ஐயும் இரண்டு முறை 36ஐயும் (அகலம் 8, உயரம் 28 சேர்ந்தது) கூட்டினால் 126. தப்பித்தோம். அகலத்தில் இன்னும் மூன்று அங்குலம் சேர்ந்தால் வரம்பு தாண்டிவிடும், ஆகவே பெட்டியைப் புடைக்க விடாதீர்கள்.

பெடல்களைக் கழற்றுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை நினைவில் வைத்தால் கிராங்க் தப்பிக்கும். முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கின் கால்களுக்கு நடுவில் 100 மி.மீ. பிளாஸ்டிக் அல்லது மரத்துண்டு ஒன்றை வைத்து இறுக்குங்கள். இது இல்லாமல் பெட்டியின் மேல் கனம் ஏறினால் ஃபோர்க் உள்நோக்கி வளையும். அச்சின் இரு முனைகளிலும் மூடி போடுங்கள், இல்லையென்றால் அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வரும். குழாய்களுக்குத் தண்ணீர்க் குழாய் உறையாக விற்கும் நுரைக் குழாயைச் சுற்றுங்கள். ஒட்டும் டேப் பெயின்ட் மேல் நேரடியாகப் படக்கூடாது, பழைய ஸ்டிக்கரையும் சேர்த்து உரித்துவிடும். பின் டீரெய்லரைத் திருகைக் கழற்றி விடுவித்து, நுரையில் சுற்றிச் செயின் ஸ்டேக்கு உள்பக்கமாகக் கட்டுங்கள். ஹேண்டில்பாரை மேல்குழாயோடு சேர்த்துக் கட்டும்போது நடுவில் இரண்டு மடங்கு நுரை. பழைய மேல்குழாய்களில் புது ஒடுக்கு விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திருகு, வாஷர் எல்லாம் ஒரு பையில், பை பெட்டிக்குள் தொங்காமல் ஃபிரேமில் கட்டி.

பெட்டியை மூடுமுன் உள்ளே இருக்கும் கோலத்தைப் படம் எடுங்கள். முழு விலைக்கும் காப்பீடு போடுங்கள். வெளிநாடு என்றால் சுங்கத் தாளில் உண்மை விலையை எழுதுங்கள். ‘பரிசு’ என்று குறைந்த தொகை எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள், வழியில் உடைந்தால் அந்தத் தொகைதான் கிடைக்கும். சுங்கவரி வாங்குபவருடையது என்பதை முன்பே எழுத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கடை ரசீது, பழைய கேட்டலாக், நீங்கள் எழுதிய தேதிக் குறியீட்டுத் தாள், பாகங்கள் எப்போது மாற்றப்பட்டன என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, சீட் குழாயோடு சேர்த்துக் கட்டி அனுப்புங்கள். சைக்கிள் போய்ச் சேர்ந்த பிறகு வாங்கியவர் கூட்டுவதற்குச் சந்தேகம் கேட்டு எழுதுவார். முதல் ஒரு வாரம் அவருக்கு உடனுக்குடன் பதில் சொல்லுங்கள்.